பாலம் ஒன்று, ஆபீஸ் நாலு

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. ஊரில் பாதி மனு என் கடையில்தான் தயாராகிறது. ‘உயர்திரு’ என்று ஆரம்பித்தால் ‘தங்கள் உண்மையுள்ள’ வரை விரல் தானாக ஓடும். எங்கள் தெருவுக்காக ஒரு மனு அடித்தபோதுதான், இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கு எவ்வளவு தப்பாக அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த மனுவின் கதையை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். ஊர் பேரும் அதிகாரிகள் பேரும் வேண்டாம். இந்த மாதிரி ஒரு பாலம் இல்லாத ஊர் டெல்டாவில் ஏது?

எங்கள் தெருவுக்குள் வர ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்ட வேண்டும். வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால் அது. ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓடி, வழியில் நாலைந்து சாக்கடைகளையும் வாங்கிக்கொண்டு, வயலுக்குப் போகிறது. பாலம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு அடி அகலம், இரண்டு பக்கமும் செங்கல் கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். கிழக்குச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் பி.டபிள்யூ.டி. என்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். அதற்குக் கீழே கட்டிய வருஷம் இருந்திருக்க வேண்டும். இப்போது அந்த வரி தாருக்குள் இருக்கிறது. தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன். அதில்தான் முழுக் கதையும் எழுதியிருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

2024 தீபாவளிக்கு முந்தின வாரம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாலத்து முனையில் தெருவிளக்கு எரிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ராத்திரி எட்டு மணி வாக்கில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எக்ஸ்.எல். வண்டியில் வந்தார். எதிரே ஒரு குட்டி யானை வண்டி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறியது. இவர் ஒதுங்கினார். முன் சக்கரம் கைப்பிடிச் சுவரில் இடித்தது. வண்டி நின்றுவிட்டது, வாத்தியார் நிற்கவில்லை. சுவர் அவர் முழங்கால் உயரம்கூட இல்லை. தலைகீழாக வாய்க்காலில் போய் விழுந்தார். கழுத்தளவுத் தண்ணீர். டீக்கடைக்காரரும் இரண்டு பையன்களும் குதித்துத் தூக்கினார்கள். காரை எலும்பு முறிந்ததோடு போயிற்று. ‘மூக்குக் கண்ணாடி மட்டும் கெடைக்கலடா தம்பி’ என்று ஆஸ்பத்திரியில் சிரித்தார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மறியல். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பெஞ்சு, நாலு காலிக்குடம், மெயின் ரோட்டில் பஸ் நின்றால் போதும். தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, ‘விரைவில் நடவடிக்கை’ என்றார்கள், கலைந்தோம். மறியலைக் குறை சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலமே பாலத்தின் இரண்டு பக்கமும் நாலு தார் டிரம்மில் மண்ணை நிரப்பி, சிவப்புத் துணி கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் மறியலுக்கு அவ்வளவுதான் ஆயுசு. டிரம் வரும், சுவர் வராது.

ஏழு குறை, ஒரு மனு

அடுத்த வாரம் முதல் மனு. அடித்தது நான்தான். தெருவில் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். பாலத்துச் சுவர், எரியாத விளக்கு, சாய்ந்த மின்கம்பம், வாய்க்காலில் விழும் சாக்கடை, முனையில் குவியும் குப்பை, நாய்த் தொல்லை, குடிநீரில் வாடை. எல்லாவற்றையும் ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக அடித்து, அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கி, நகராட்சி ஆணையர் பேருக்குக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். ஏழு குறை இருந்தால் கனமாக இருக்கும் என்பது என் கணக்கு.

அந்த மனு சுகாதாரப் பிரிவுக்குப் போனது. ஒருநாள் காலை ஆள் வந்து குப்பையை அள்ளினார்கள், போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் வாரம் பதில் வந்தது: ‘குப்பை அகற்றப்பட்டது. மனு முடிவு செய்யப்பட்டது.’ இடையில் ஒரு பையன் 1100-க்கு போன் போட்டு ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்புத் துறையிலும் இதே ஏழையும் சொல்லியிருந்தான். அதுவும் சுற்றிச் சுற்றி அதே மேஜைக்கு வந்து, அதே பதிலோடு முடிந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அந்த மேஜையில் இருந்தவர் பேரில் பெரிய தப்பு இல்லை. அவர் கைக்கு வந்த ஏழில் அவரால் செய்ய முடிந்தது ஒன்று. அதைச் செய்தார், பைலை மூடினார். ஏழையும் ஒரே தாளில் கட்டிக் கொடுத்து, ஒன்றைச் செய்தால் மற்ற ஆறும் சேர்ந்து முடிந்துபோகிற மாதிரி வழி செய்து வைத்தவன் நான்.

யாருடைய சுவர்?

அந்தக் கல்லைச் சரியாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். டேப் எடுத்துக்கொண்டு போனோம். சாலைப் பக்கம் அளந்தால் சுவர் ஒன்றேகால் அடி. வாய்க்கால் பக்கம் இறங்கி, பாலத்தின் பழைய தளம் தெரியும் இடத்திலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட மூன்றடி. சுவர் உடையவும் இல்லை, இடியவும் இல்லை. சாலைதான் அதன் மேல் ஏறியிருக்கிறது. தார் மேல் தார் போட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இறையன்பு தலைமைச் செயலாளராக வந்த 2021-லேயே, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியிருந்தார். வீடுகளுக்குள் மழைத் தண்ணீர் போகக் கூடாது என்பது அதன் முக்கியக் காரணம். பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கும் அது பொருந்தும் என்பதை நாங்கள் வாத்தியார் விழுந்த பிறகு கண்டுபிடித்தோம்.

சரி, இது யார் வேலை? தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தவறினால் அடுத்து முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேட்க வேண்டும். அதனால் நகராட்சியிடம் அந்தச் சாலையைப் பத்து வருஷத்தில் எத்தனை முறை போட்டார்கள், ஒவ்வொரு முறைக்கும் எம்-புக் நகல் என்று கேட்டோம். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். என்ன வேலை, எத்தனை கனம், எத்தனை நீளம் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது அதை வைத்துத்தான். நீர்வளத் துறையிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பாலம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா? பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறையை 2021-ல் தனியாகப் பிரித்துவிட்டாலும் ஊரில் இன்றும் எல்லோருக்கும் அது பி.டபிள்யூ.டி.தான்.

இரண்டு பதிலும் வந்தன. பாலமும் வாய்க்கால் கரையும் நீர்வளத் துறையுடையது. மேலே ஓடும் சாலை நகராட்சியுடையது. பத்து வருஷத்தில் மூன்று முறை தார் போட்டிருக்கிறார்கள். சுரண்டி எடுத்ததாக எம்-புக்கில் ஒரு வரிகூட இல்லை. கம்பமும் கம்பியும் மின்வாரியம், அதில் தொங்கும் பல்பு மட்டும் நகராட்சி. பாலத்திலிருந்து இருபது அடியில் தெரு போய்ச் சேரும் மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறை. வாத்தியார் விழுந்த இடம் மொத்தமே ஒரு சென்ட் இருக்காது. அதில் நாலு ஆபீஸ்.

அந்தக் காகிதங்களோடு நீர்வளத் துறை உதவிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். ‘நாங்க கட்டுன பாலம் நாங்க கட்டுன மாதிரியே இருக்கு சார். நீங்க ரோட்ட ஏத்திக்கிட்டே வந்துட்டு இப்போ சுவர் குட்டைன்னா நான் என்ன பண்றது?’ நகராட்சிக்குப் போனால் அங்கே இன்னொரு பொறியாளர்: ‘எங்க ரோடு நல்லாத்தானே இருக்கு? சுவர் எங்களது இல்லையே. அவங்க இடத்துல நாங்க செங்கல் வெச்சா ஆடிட்ல கேப்பாங்க.’ இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அதுதான் சங்கடம்.

மேட்டூர் காலண்டர்

கிளம்பும்போது நீர்வளத் துறைப் பொறியாளர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். ‘யார் கட்டுனாலும் இப்போ கை வைக்க முடியாது. மேட்டூர மூடட்டும்.’

டெல்டாக்காரனான எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை வெட்கமாக இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது. எப்படி இருந்தாலும் வாய்க்காலை ஒட்டிய கட்டுமானம், மதகு பழுது, தூர்வாரல் எல்லாம் மாசி முதல் வைகாசிக்குள் முடிந்தாக வேண்டும். தண்ணீர் ஓடும்போது சாரம் நிறுத்த முடியாது, காரை பிடிக்காது, விவசாயியின் தண்ணீர் முறையை நிறுத்தச் சொல்லவும் முடியாது.

அப்படியானால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். மே மாதம் வேலை நடக்க வேண்டுமென்றால் ஏப்ரலில் டெண்டர், மார்ச்சில் மன்றத் தீர்மானம், பிப்ரவரியில் எஸ்டிமேட். ஆக, தைப் பொங்கலுக்குள் மனு சரியான மேஜையில் இருக்க வேண்டும். ஜூனில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது ஒரு வருஷம் தாமதமான மனு. மழைக்காலத்தில் யாராவது விழுவார்கள், கோபம் வரும், கார்த்திகையில் மனு கொடுப்போம், மாசியில் கோபம் ஆறியிருக்கும், வேலை செய்யக்கூடிய நாலு மாதமும் சும்மா போகும். என் கடையில் அடித்த எத்தனை வாய்க்கால் மனு இப்படிப் போயிருக்குமோ.

அதனால் பொங்கலுக்கு முன்பே ஏழு குறையைப் பிரித்தோம். ஒரு மனு, ஒரு குறை, ஒரு ஆபீஸ்.

முதலில் நகர்ந்தது கம்பம்தான். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குக் கம்பத்தில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னோம். கரை அரித்து, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தளர்ந்திருந்தது. தேர் வரும் தெரு என்பதையும் சேர்த்துச் சொன்னோம். 2022 ஏப்ரல் 27-ல் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் போனார்கள். அதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாலாம் நாள் லைன்மேன்கள் வந்து கம்பத்தை நிமிர்த்தினார்கள். பல்பு நகராட்சியிலிருந்து அடுத்த வாரம் வந்தது. நெடுஞ்சாலைத் துறை முனையில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டது. குடிநீர் வாடைக்கு ஒரு வால்வு தொட்டியில் சாக்கடை கசிந்தது காரணம், அடைத்தார்கள். நாய்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இருக்கின்றன.

சுவருக்கு இரண்டு வழியில் போனோம். ஒன்று ஏரியா சபா. கிராம சபை மாதிரி நகரத்திலும் வேண்டும் என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1-ல் முதல்வர் ஸ்டாலினே பம்மலில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து குறை கேட்டார். எங்கள் வார்டில் அது பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, மிக்சர். இந்த முறை எண்பது பேர் போனோம். கவுன்சிலரம்மாவின் வீட்டுக்காரர் எழுந்து பேச ஆரம்பித்தார். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, ‘தம்பி, நாங்க ஓட்டுப் போட்டது ஒன் வீட்டம்மாவுக்கு. அது பேசட்டும், நீ ஒக்காரு’ என்றார். கூட்டமே சிரித்தது. அந்தம்மாவும் சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் தெளிவாகவே பேசினார். பாலத்துச் சுவரை உயர்த்த மன்றத்தில் தீர்மானம் வைக்க வேண்டும் என்று மினிட் புத்தகத்தில் எழுத வைத்தார். எழுதியதை உரக்கப் படிக்கவும் சொன்னார். அந்தப் பக்கத்தை நான் அங்கேயே செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

இன்னொரு வழி கோட்டாட்சியர். தெருவில் குடியிருக்கும் இளம் வக்கீல் சொன்ன யோசனை இது. பொதுவழியை ஒட்டி ஆபத்தாக இருக்கும் குளம், கிணறு, பள்ளத்துக்குத் தடுப்பு போடச் சொல்லி, நிர்வாக நடுவர் என்ற முறையில் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 152. இதே பிரிவில்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரத்துக் குடியிருப்பாளர்கள் திறந்த சாக்கடையை எதிர்த்து நகராட்சியை இழுத்தார்கள். நகராட்சி ‘பணம் இல்லை’ என்றது. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. நிதி இல்லை என்று சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார்.

பிப்ரவரி முதல் வாரம் கோட்டாட்சியரிடம் மனு போனது. இரண்டே பக்கம். எம்-புக் நகல், நீர்வளத் துறை பதில், சபா மினிட், டேப் வைத்து எடுத்த போட்டோ, வாத்தியாரின் எக்ஸ்ரே நகல். யாரையும் திட்டவில்லை. கடைசி வரியில் ‘இரு துறையினரையும் ஒரே நாளில் இடத்துக்கு அழைத்துப் பார்வையிட வேண்டுகிறோம்’ என்று மட்டும் கேட்டோம். இப்போது திரும்பிப் பார்த்தால், மொத்தக் காகிதத்திலும் வேலை செய்த வரி அதுதான் என்று தோன்றுகிறது. உத்தரவு வரை போகவே இல்லை. கூட்டுப் புலத்தணிக்கைக்குத் தேதி குறித்தார்கள்.

அன்று காலை இரண்டு பொறியாளர்களும் ஒரே பாலத்தில், ஒரே டேப்பின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸ் ஆபீஸாக நாங்கள் இரண்டு மாதம் சுமந்த வாதம் அங்கே இருபது நிமிஷத்தில் முடிந்தது. நகராட்சி செலவு செய்யும், நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தரும், சுவர் தண்ணீர் போகும் கண்ணைக் குறுக்கக் கூடாது, அடுத்த முறை தார் போடும்போது சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். அந்தப் பக்கமாக வந்த, வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கும் லஸ்கர் ஒருவர், ‘ஐயா, வர்ற தண்ணிக்கு முன்னாடி முடிச்சிருங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க’ என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

மார்ச்சில் தீர்மானம். டெண்டர் ஒரு முறை யாரும் எடுக்காமல் தள்ளிப்போனது, சின்ன வேலை என்பதால். மே கடைசியில்தான் கம்பி கட்டினார்கள். கிழக்குப் பக்கம் மூன்றரை அடிக்குக் கான்கிரீட் சுவர் எழும்பியது. பி.டபிள்யூ.டி. கல்லைப் பெயர்த்து எறியப் போனபோது வாத்தியார் தடுத்து, புதுச் சுவரில் பதிக்கச் சொன்னார். தாரைச் சுரண்டிப் பார்த்தால் வருஷம் இருந்த வரி பொரிந்து போயிருந்தது.

மேற்குப் பக்கம் ஆகவில்லை. அந்தச் சுவரை ஒட்டிக் குடிநீர்க் குழாய் ஒன்று கிளாம்ப் போட்டு ஓடுகிறது. அதை மாற்றினால்தான் சுவரைத் தொட முடியும், மாற்ற வேண்டியது குடிநீர்ப் பிரிவு, அதற்குத் தனி எஸ்டிமேட். இது டேப் பிடித்த அன்று யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும். தற்காலிகமாக மூங்கில் படல் கட்டியிருக்கிறோம். சாக்கடை வாய்க்காலில் விழுவது அப்படியே இருக்கிறது. அதற்குப் பாதாளச் சாக்கடை வர வேண்டும் என்கிறார்கள். அது வேறு கதை.

2025 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, 15-ஆம் தேதி கல்லணை திறந்தார்கள். சில நாள் கழித்து ஒரு காலையில் நுரையும் சருகுமாக எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. வழக்கம்போலப் பிள்ளைகள் பாலத்துக்கு ஓடினார்கள். கிழக்குப் பக்கம் போய் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுவர் உயரம், ஒன்றும் தெரியவில்லை. அப்படியே திரும்பி மேற்குப் பக்கம் ஓடி, படலை ஒதுக்கிவிட்டு, ஒன்றேகால் அடிச் சுவர் மேல் ஏறி வரிசையாக நின்றுகொண்டு பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கடையைத் திறந்து, குழாய் மனுவை அடிக்க உட்கார்ந்தேன். பொங்கலுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.